நான்காம் தொட்டியும் கிளி தின்ற மிளகாயும்

போன வாரம் துவாதசியன்று காலை எங்கள் வீட்டில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆறு இருபது. அப்பா பெருமாளுக்குத் துளசி பறிக்க மொட்டைமாடிக்குப் போனார்.

2. ஆறு முப்பது. திரும்பி வந்தார். பூக்குடலையில் துளசி இருந்தது. துளசி மட்டும்தான் இருந்தது என்று நினைத்தோம்.

3. ஆறு ஐம்பது. முந்தின நாள் முழுக்க ஏகாதசிப் பட்டினி. இலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, மிளகு போட்ட சாத்துமது. சாத்துமது என்றால் உங்கள் வீட்டு ரசம்தான்.

4. ஏழு இரண்டு. மோர்சாதம் வந்தபோது அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது. எங்கள் அப்பாவின் பேச்சு பாதியில் நிற்பது அபூர்வம்.

5. ஏழு மூன்று. முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "என்ன?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்றார்.

6. ஏழு ஐந்து. மறுபடி "ஒண்ணுமில்லை". இந்த முறை குரலே வரவில்லை.

7. ஏழு பத்து. ஆட்டோ.

'ஒண்ணுமில்லை' என்று சொன்னவரை ஏன் ஆட்டோவில் ஏற்றினோம்? காரணம் இருக்கிறது. போன வருஷமும் இதே முகம், இதே வியர்வை, இதே 'ஒண்ணுமில்லை'. அதற்குப் பத்து நிமிஷம் கழித்து வாஷ்பேசினில் ரத்தம் பார்த்தோம். வயிற்றில் புண். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்த நான்கு நாளில் நான் தூங்கியது மொத்தம் எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எதையும் கணக்கு வைத்துக்கொள்கிற நான் அதை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். லிஸ்ட் போடுவது. துவாக்குடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவுக்கருவிகளைச் சோதிப்பது என் வேலை. பாய்லரில் மாட்டுகிற பிரஷர் கேஜ் பத்து காட்டினால் அது நிஜமாகவே பத்துதானா என்று பார்த்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கரில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, சோதித்த தேதி. இன்னொன்று, அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்கிற தேதி. இரண்டாவது தேதி இல்லாத ஸ்டிக்கரை நான் கண்டால், ஒட்டியவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த இரண்டாவது தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே ஒரு லிஸ்ட் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் டைப் செய்து, லாமினேட் செய்து, ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தலைப்பு: 'அப்பா - கூடாதவை'. முதலில் முழங்கால் வலி மாத்திரை. இரண்டாவது, மிளகாய். பச்சை, சிவப்பு, பொடி, ஊறுகாய், மோர்மிளகாய் - உட்பிரிவுகளோடு. மூன்றாவது, காபி இரண்டுக்கு மேல். இப்படி ஒன்பது வரை.

அம்மா அன்றிலிருந்து மிளகுக்கு மாறினாள். அப்பா முதல் வாரம் முனகிப் பார்த்தார்.

"கோயில் மடப்பள்ளியில மிளகாயே கிடையாதுன்னா. பெருமாள் இத்தனை காலமா மிளகுலதான் அமுது செய்றார். உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள் அம்மா.

"பெருமாளுக்கு வேளைக்கு எத்தனை வகை தளிகை வரது? எனக்கு நீ ஒரு கறியமுது போடறே. அதுல என்னை அவரோட சேக்காதே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முனகவில்லை. எனக்கு ஆச்சரியம்தான். அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் நாலு வார்த்தை எதிர்வாதம் இல்லாமல் ஒப்புக்கொள்கிற ரகமே இல்லை. லிஸ்டின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, மிளகாய்க்குத் தடை போட்ட வீட்டின் மொட்டைமாடியில் பதினோரு தொட்டி மிளகாய் எப்படி வந்தது?

என்னால்தான்.

எங்கள் ஃப்ளாட் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம், மூன்றாவது மாடி. எதிர் ஃப்ளாட்டில் ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சர். அவர் மகனுக்குக் கௌஹாத்தியில் வேலை. ஒரு லீவுக்கு வந்தபோது அந்த ஊர்க் காய்ந்த மிளகாய் நாலைந்து கொண்டுவந்தான். டீச்சர் ஒன்றைக் கிள்ளி மீன்குழம்பில் போட்டுவிட்டு, குழம்பை அப்படியே கொட்டினாராம். மீதியைக் கவரில் போட்டு ஒட்டி, பட்டாசு கொடுப்பதுபோல் கையை நீட்டி என்னிடம் கொடுத்தார்.

"நீதான் எல்லாத்தையும் அளக்குற பொண்ணாச்சே. இதை அளந்து பாரும்மா. எங்க வீட்ல வெச்சா எனக்குத் தூக்கம் வரல."

அப்படி ஆரம்பித்தது. கௌஹாத்தி மிளகாய் ஒரு தொட்டி. அது மட்டும் தனியாக நிற்கிறதே என்று குண்டு மிளகாய், சம்பா மிளகாய், பஜ்ஜி மிளகாய், வான்நோக்கி நிற்குமே அந்த ஊசி மிளகாய்... காய்த்ததையெல்லாம் ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். வீட்டுக்குள் ஒன்றுகூட இறங்காது. விதி விதிதான்.

மிளகாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது கொஞ்சம் கோபக்காரச் செடி. தண்ணீர் கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம். திருச்சி வெயிலில் பூவெல்லாம் கொட்டிவிடும். பச்சை வலை கட்டினேன். அடுத்து இலை சுருண்டது. இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லிப் புலம்பினபோது, லால்குடியிலிருந்து ஒரு வாசகி, 'புளித்த மோரைத் தண்ணீர் விட்டுத் தெளிங்க, கூடவே வெள்ளை ஈயைத் தினமும் இலைக்கு அடியில் தேடுங்க' என்று எழுதியிருந்தார். மோர் தெளித்தேன். ஈயையும் தேடினேன். பாதிச் செடிகள் பிழைத்தன. மோர் தெளித்த அன்று அம்மா, "மோர்மிளகாயைச் செடியிலயே போட்டுட்டியாடி" என்றாள்.

தொட்டிகளுக்கு எண் உண்டு. மாடிக் கதவின் உட்புறம் ஓர் அட்டவணை உண்டு. எண், ரகம், விதைத்த தேதி, காய், காரம். காரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். நான்காம் தொட்டி பஜ்ஜி மிளகாய். காரம்: இரண்டு. ஐந்தாம் தொட்டி கௌஹாத்தி. காரம்: பத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு மண்டையோடு வரைந்திருந்தேன். அட்டவணையில் கடைசியாக இன்னொரு கட்டமும் சேர்க்க வேண்டி வந்தது. 'கிளி'.

ஏனென்றால் காய்கள் காணாமல் போயின. அதிகமில்லை, ஒரு நாளைக்கு ஒன்று. நான்தான் எண்ணி வைக்கிறேனே. முதல்நாள் மாலை பதினாறு என்றால் மறுநாள் காலை பதினைந்து.

ஸ்ரீரங்கத்தில் கிளிகளுக்குப் பஞ்சமில்லை. கோபுரத்து மாடங்களிலிருந்து கூட்டமாகக் கிளம்பி மாடி மாடியாகப் போகும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் தெரியாது. நம் நாக்கை எரிக்கிற அந்தச் சமாச்சாரம் அவற்றின் நாக்கில் வேலை செய்யாது. அறிவியல்பூர்வமாக எல்லாம் பொருந்தியது. 'கிளி: 1' என்று எழுதினேன். மறுநாள் 'கிளி: 1'. நாலு மாசம்.

"உனக்குக் கோதைன்னு பேர் வெச்சா கிளி வராம என்ன பண்ணும்?" என்று அம்மா சிரித்தாள். கூடவே அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

எந்தக் கிளியாவது தினமும் ஒரே ஒரு காய், அதுவும் நான்காம் தொட்டியில் மட்டும், காம்போடு கிள்ளி எடுத்துக்கொண்டு போகுமா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எழுதி வைப்பதில் இருக்கிற சௌகரியம் இது - எழுதி முடித்ததும் யோசித்து முடித்த மாதிரி இருக்கும்.

இப்போது ஆட்டோவுக்கு வருகிறேன்.

முன்பக்கம் டிரைவர். பின்னால் அப்பா நடுவில், நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். தில்லை நகரில் போன வருஷம் பார்த்த அதே டாக்டரிடம் போகிறோம். காவிரிப் பாலத்தில் ஏறும்போது அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஒரு கண்ணிலிருந்து. துடைத்தார். உடனே இன்னும் வந்தது. மறுபடி துடைத்தார். இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக...

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. ஆற்றைப் பார்த்தபடி, 'இந்தத் தடவை சின்னதாக இருக்கணும், இந்தத் தடவை சின்னதாக இருக்கணும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்படிச் சொல்வது எந்தக் கருவியையும் மாற்றாது என்று எனக்குத் தெரியும்.

"அழாதீங்கோன்னா" என்றாள் அம்மா.

"அழலை" என்றார் அப்பா. அழுதுகொண்டே.

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுவிட்டார். படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாடி, பிரஷர் பார்த்தார். பழைய ஃபைலைக் கேட்டார். ஃபைல் என் கையில் தயாராக இருந்தது, வண்ண வண்ணத் தாள் ஒட்டிப் பிரித்து.

"வாந்தி எடுத்தீங்களா சார்?"

"இல்லை டாக்டர்."

"வெளிக்குக் கருப்பாப் போச்சா?"

"இல்லை."

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லை."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கீரை. நெல்லிக்காய். சாத்துமது. மோர்சாதம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அதுக்கு இப்படி வலிக்காதே..." டாக்டரின் முகம் மாறியது. "எண்டோஸ்கோப்பி பார்த்துடலாம். ரத்தமும் எடுத்துடுங்க." நர்ஸிடம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிக்கொண்டு விரலால் துடைத்தேன்.

அடுத்த நொடி என் கண்ணில் தீ வைத்த மாதிரி இருந்தது.

மிளகாய் வளர்க்கிறவளுக்கு அந்த எரிச்சலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செடிப் பக்கமே காலையிலிருந்து நான் போகவில்லை. என் கை வேறு எதையும் தொடவில்லை... அப்பாவின் கையைத் தவிர. விரலை மோந்து பார்த்தேன். லேசாக ஒரு வாசனை. காரநெடி இல்லை, பழுத்த பழம் மாதிரி ஓர் இனிப்பு வாசனை. பதினோரு தொட்டியில் ஒரே ஒரு மிளகாய்க்குத்தான் அந்த வாசனை உண்டு.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்தவர் பக்கம் திரும்பினேன்.

"அப்பா."

"என்னம்மா?"

"டிக்கெட்டைக் காட்டுங்கோ."

முப்பது வருஷம் அவர் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை மெதுவாக எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். உள்ளே பாதி மிளகாய். காம்போடு.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இதென்ன?"

"மிளகாய் டாக்டர்" என்றேன்.

"நாலாம் நம்பர் டாக்டர்" என்றார் அப்பா. படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். சரியான டிக்கெட் வைத்திருந்தும் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டவரின் கோபம். "காரம் ரெண்டுன்னு இவதான் எழுதி ஒட்டியிருக்கா! நான் அஞ்சாம் நம்பரைத் தொட்டதே கிடையாது. மண்டையோடு போட்டிருக்கே, எனக்குக் கண்ணு தெரியாதா? போன தடவை இதே தொட்டியில நாலு மாசம் எடுத்தேன், ஒரு நாள் ஒண்ணு பண்ணலை!"

"நாலு மாசமா?" என்றேன்.

அப்பா மறுபடி படுத்துக்கொண்டார்.

"கிளி" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

நர்ஸ் எனக்குக் கண் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரு டம்ளர் பால் வந்தது. வயிற்றெரிச்சலுக்கு வெள்ளை மருந்து வந்தது. டாக்டர் அப்பாவின் உதட்டை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சார், ஒரு நாள் முழுக்கப் பட்டினி. அந்த வயித்துல இப்படி ஒரு மிளகாய். வலிக்காம என்ன செய்யும்? ரெண்டு மணி நேரம் படுங்க. ரத்தம் பார்த்துடுவோம். சரியா இருந்தா எண்டோஸ்கோப்பி வேண்டாம்." ஃபைலைப் புரட்டினார். "ஆமா, இவ்ளோ ஏன் இளைச்சுட்டீங்க? ஆறு கிலோ குறைஞ்சிருக்கே?"

அந்த ஆறு கிலோ எனக்குத் தெரியும். மாதாமாதம் எடை பார்த்து எழுதியது நான்தான். பத்தியச் சாப்பாடு, நடைப்பயிற்சி, உடம்பு வாகாகிறது என்று ஒரு குறிப்புகூட எழுதியிருந்தேன்.

"சாப்பாடு இறங்கலை டாக்டர்" என்றார் அப்பா, தணிந்த குரலில். "நாக்குக்கு ஒண்ணுமே இல்லை. ரெண்டு கவளத்துக்கு மேல போக மாட்டேங்கறது."

"மிளகாய் கொஞ்சம் சேர்த்துக்கிட்டா என்ன?"

நான் குறுக்கே வந்தேன். "நீங்கதானே டாக்டர் மிளகாயே கூடாதுன்னீங்க?"

"ஆறு வாரத்துக்கும்மா." ஃபைலைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அவருடைய கையெழுத்து. நான் ஒட்டின மஞ்சள் தாளுக்கு நேர் கீழே. புண் ஆறும்வரை, ஆறு வாரம், காரம் தவிர்க்கவும். பிறகு ஒத்துக்கொள்கிற அளவு. "இவருக்குப் புண் வந்தது மிளகாயால இல்லை. முட்டிவலிக்கு இஷ்டத்துக்கு மாத்திரை போட்டாரே, அதால. மாத்திரைதான் எப்பவும் கூடாது. அப்புறம் இந்தப் பட்டினி. நேரத்துக்குச் சாப்பிடணும்னு இங்க எழுதியிருக்கேன் பாருங்க. ஏகாதசியெல்லாம் யார் இருக்கச் சொன்னது?"

நான் போட்ட ஒன்பதில் பட்டினி இல்லை. பெருமாள் சம்பந்தப்பட்டதில் நான் லிஸ்ட் போடுவதில்லை.

ஆக, சேர்க்க வேண்டியதை விட்டிருக்கிறேன். நீக்க வேண்டியதை வைத்திருக்கிறேன். ஆறு வாரம் என்பதைப் பதினான்கு மாதமாக்கி, லாமினேட் செய்து, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது தேதி இல்லாமல்.

ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. பதினொரு மணிக்கு அப்பாவுக்கு வலி போய்விட்டது. பதினொன்றரைக்குப் பசி வந்துவிட்டது.

திரும்பும்போது பாலத்தில் டிராஃபிக். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏம்ப்பா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? ஆறு வாரம்னு அவர் உங்க காதுபடத்தானே சொல்லியிருப்பார்?"

"சொன்னா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை? எதுக்கெடுத்தாலும் வாதாடுவேளே!"

அப்பா ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ அந்த லிஸ்டை எழுதறப்போ நான் முழிச்சிண்டுதான் இருந்தேன், கொழந்தே. நாலு நாளாத் தூங்காம, கண்ணெல்லாம் வீங்கிப்போய், ஒவ்வொண்ணா அடிச்சு அடிச்சு எழுதிண்டிருந்தே. ஒன்பது எழுதினதும்தான் உன் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. அதைப் போய் நான் தப்புன்னு சொல்லணுமா? இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டு, திருடினேளா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல எடுத்ததில்லை" என்றார், மிகுந்த நேர்மையோடு. "அதுவும் ரெண்டு மார்க் மிளகாய்தான்."

டிராஃபிக் நகர்ந்தது.

"அம்மா, உனக்கும் தெரியுமா?" என்று அந்தப் பக்கம் கேட்டேன்.

"தெரியாம? தட்டுல தினம் ஒரு காம்பு கிடக்கும். கிளி சாப்பிட்டுட்டு நம்மாத்துத் தட்டுலயா கொண்டுவந்து போடும்?"

"ஏன் சொல்லலை?"

"காம்பு இருக்கற அன்னிக்கெல்லாம் ரெண்டு கரண்டி சாதம் கூடப் போறது. நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

பாருங்கள். வீட்டில் மூன்று பேர். ஒருவர் விதியை மீறி என்னைக் காப்பாற்றியிருக்கிறார். ஒருத்தி அவரைக் காட்டிக்கொடுக்காமல் அவரைக் காப்பாற்றியிருக்கிறாள். எல்லோரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த நான் மட்டும் கிளியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ஃப்ரிட்ஜில் இல்லாவிட்டால் வாயில் இருக்கும். 'இதைத் தொடாதீங்க, அங்கே போகாதீங்க, படியேறாதீங்க'... பயந்துபோன ஒரு நாளில் எழுதியது. பயம் போய்விடும். காகிதம் போகாது. அதில் கடைசியாக ஒரு தேதி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்களேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனேன். இன்னும் ஒரு கேள்வி பாக்கி. நான்காம் தொட்டியில் கௌஹாத்தி வாசனை எப்படி வந்தது?

முதலில் அப்பா மேல் சந்தேகப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எண் மாற்றிப் பறித்திருப்பாரோ? கைக்குட்டையில் இருந்த பாதியை எடுத்து, நான்காம் தொட்டியில் தொங்கிக்கொண்டிருந்ததோடு வைத்துப் பார்த்தேன். அதே காய். நுனியைக் கடுகளவு வெட்டி நாக்கில் வைத்தேன். ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு ஓடித் தயிர் வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டுத் தயிரை அம்மா அப்பாவுக்குப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அளந்துட்டியாம்மா?" என்றார் டீச்சர், கிண்ணத்தை நீட்டியபடி.

நடந்தது இதுதான். போன பருவத்துச் செடிகள் கோடையில் இலை சுருண்டு போயின. ஆடியில் மறுபடி விதைத்தேன். பஜ்ஜி மிளகாய்க்குக் கடை விதை வாங்கவில்லை. என் செடியில் பழுத்த காயிலிருந்தே விதை எடுத்து, உலர்த்தி, கவரில் 'தொட்டி 4, காரம் 2' என்று எழுதி வைத்திருந்தேன். போன பருவத்தில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் அரை அடியில் நின்றது கௌஹாத்தி. தேனீக்கு என் எண்கள் தெரியாது. இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்குப் போயிருக்கிறது. அப்படி மகரந்தம் மாறினாலும் அந்த வருஷத்துக் காய் மாறாது. அப்பா தின்ற காயெல்லாம் சாதுவாகத்தான் இருந்தது. மாற்றம் விதைக்குள் உட்கார்ந்திருக்கும். அதை விதைத்து, அது காய்க்கும்போதுதான் தெரியும். புதுச் செடியின் முதல் காய்களில் ஒன்று, பட்டினி கிடந்த ஒரு வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டவணையில் மட்டும் அதே பழைய 'இரண்டு'.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. என் குறிப்பேட்டில், சம்பவத்துக்கு எட்டு நாள் முன்னால், என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'தொட்டி 4 - காய் குட்டை, தோல் சுருக்கம். தண்ணீர் குறைவா?'

செடி சொல்லியிருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

ஆறு கிலோவுக்கு 'உடம்பு வாகாகிறது' என்று எழுதியதும் அதே பேனாதான்.

அன்று மாலை ஃப்ரிட்ஜிலிருந்து லாமினேட்டைப் பிய்த்தேன். நாலு மூலையும் நன்றாக ஒட்டியிருந்தது. தோசைத் திருப்பி வைத்து நெம்ப வேண்டியிருந்தது. அப்பா பேப்பர் படிக்கிற பாவனையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுக்க எடுத்துடாதே" என்றார். "காபிக்குப் போட்டதை வேணா விட்டுடு."

"ஏம்ப்பா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா மீறறதுக்கு என்ன இருக்கு?"

ஏகாதசியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் அவர் வாதாடினார், பழையபடி. அரைமணி நேரம். பெருமாள், ஆழ்வார், ஆச்சாரியர் என்று வரிசையாகச் சாட்சிக்கு வந்தார்கள். கடைசியில் அம்மா முடித்துவைத்தாள்: "பால், பழம், சாயங்காலம் ரெண்டு இட்லி. பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன்." பெருமாளிடம் சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு இருக்கிற செல்வாக்கு எங்கள் யாருக்கும் இல்லை. அப்பா அடங்கினார்.

இன்றைய நிலவரம் இது.

நான்காம் தொட்டிச் செடி, மண்டையோட்டோடு மாடியின் மறுகோடிக்குப் போய்விட்டது. பிடுங்க மனசு வரவில்லை. புதிய பஜ்ஜி மிளகாய்க்குக் கடை விதை வாங்கி ஊன்றியிருக்கிறேன், பூ வந்ததும் மெல்லிய துணிப்பை கட்டுவேன். அது காய்க்கிறவரை அப்பாவுக்கு ஏழாம் தொட்டிச் சம்பா, ஒரு நாளைக்குப் பாதி. ஒவ்வொரு தொட்டியின் முதல் காயையும் முதலில் நான் ருசி பார்க்கிறேன். ஃப்ரிட்ஜில் புது லிஸ்ட். நான்கே வரி, பென்சிலில், கீழே அடுத்த மாதத் தேதியோடு. அப்பாவின் எடை நேற்று அரைக் கிலோ கூடியிருக்கிறது. தராசைச் சோதித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அட்டவணையில் 'கிளி' என்று இருந்த கட்டத்தை அடித்துவிட்டு 'அப்பா' என்று எழுதியிருக்கிறேன்.

அதில் இன்று காலை அவர் கையெழுத்தில் ஒரு பதிவு: 'அரை'. ஏழாம் தொட்டியில் ஒன்று குறைகிறது, மறுநாளைக்கென்று மிச்சம் இருக்க வேண்டிய பாதி சமையலறையில் எங்கும் இல்லை.

மீதி அரையை நான் கேட்கப்போவதில்லை.